வெள்ளிக்கிழமைச் சம்பந்திகள்

அவைக்கு வணக்கம். என் தம்பியின் மாமியாரை இங்கே பலர் அறிவீர்கள். சிட்னியில் நம் கலியாண வீடுகளில் பெண்களோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்த லெபனான் மாமி அவர்தான். மறைந்த அவரைப் பற்றிப் பேசத்தான் அழைத்தீர்கள். நான் அவருடைய பாட்டனாரிலிருந்து தொடங்குகிறேன். மாமியும் எந்தக் கதையையும் அங்கிருந்துதான் தொடங்குவார்.

1890களில் லெபனான் மலையிலிருந்து கப்பல் ஏறியவர் அந்தப் பாட்டனார். அன்றைக்கு அது உதுமானியத் துருக்கியரின் ஆட்சிக்குள் இருந்த மலைநாடு. பட்டுப்புழு வளர்த்துப் பிழைத்த ஊர்கள். பட்டு விலை சரிந்ததும் இளைஞர்கள் கடல் கடந்தார்கள். இங்கே சிட்னியின் ரெட்ஃபெர்னில் முந்தி வந்த லெபனானியர் மொத்தக் கடை வைத்திருந்தார்கள். கைக்காசு இல்லாதவனுக்கும் கடனாகச் சரக்குக் கொடுத்து உள்நாட்டுக்கு அனுப்புவார்கள். ஊசி, நூல், பொத்தான், நாடா, சீப்பு. முதலில் முதுகில் பெட்டி, பிறகு குதிரை வண்டி, அதிர்ஷ்டம் இருந்தால் ஏதாவது ஒரு சிற்றூரில் கடை. பாட்டனார் மூன்றையும் கண்டவர்.

அவருடைய கடன் கணக்குப் புத்தகத்தை மாமி எனக்குக் காட்டியிருக்கிறார். பண்ணைக்காரர்களின் ஆங்கிலப் பெயர்கள் அரபி எழுத்தில். மாமிக்கு அரபி பேச வரும், வாசிக்க வராது. கோயிலில் ஒரு பாதிரியார் வாசித்துச் சொன்னாராம். ஒரு பெயருக்கு எதிரே, 'ஆட்டு மயிர் கத்தரித்த பிறகு தருவார்'. அடுத்த வரியில், 'தரமாட்டார், மனைவி நல்லவள்'.

இவர்களைக் 'கெட்டிக்கார வியாபாரிகள்' என்று பாராட்டி முடித்துவிடுகிறோம். எனக்கு அது போதவில்லை. 1901இல், வெள்ளையர் அல்லாதவர் குடியேறுவதைத் தடுக்கும் வெள்ளை ஆஸ்திரேலியாச் சட்டம் வந்தது. 1903ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியாவில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமை இல்லை என்றது. லெபனானும் ஆசியாதானே! 1914இல் துருக்கி ஜெர்மனியின் பக்கம் சேர்ந்ததும், துருக்கியின் குடிமக்கள் என்ற ஒரே காரணத்தால் இவர்கள் இங்கே எதிரி நாட்டவர் ஆனார்கள். காவல் நிலையத்தில் பதிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

அதே நேரத்தில் மலையில் என்ன நடந்தது? 1915இல் வெட்டுக்கிளி வந்து பயிரைத் தின்றது. துருக்கிப் படை தானியத்தை எடுத்துக்கொண்டது. நேச நாட்டுக் கப்பல்கள் கடற்கரையை மறித்து நின்றன. 1918க்குள் அந்த மலைமக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பட்டினியாலும் நோயாலும் மாண்டார்கள். பாட்டனாரின் தாயும் அதில் போனார். இங்கே அவர் எதிரி. அங்கே அந்த 'எதிரி' ஆட்சியில்தான் தாய் பசியால் செத்தார். அவர் அனுப்பிய பணம் போய்ச் சேரவே இல்லை.

இதை மாமி முதலில் சொன்னது என் அம்மாவிடம். 1983க்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அம்மாவுக்கு அந்தக் கதைக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

தம்பியின் கலியாணத்துக்கு இரு வீட்டிலும் முணுமுணுப்பு இருந்தது. அதை ஆற்றியது வெள்ளிக்கிழமை. அம்மாவுக்கு வெள்ளி விரதம். மாமியும் மரோனைட் என்ற லெபனான் கத்தோலிக்கப் பிரிவுக் கிறிஸ்தவர், வெள்ளியன்று மாமிசம் தொடமாட்டார். முதல் வெள்ளி அவர் சமைத்தது முஜத்தரா: தோல் நீக்காத மைசூர்ப் பருப்பும் அரிசியும் வேகவைத்து, மேலே ஒலிவ எண்ணெயில் பொரித்த வெங்காயம்.

"வெங்காயம் கருகிவிட்டது" என்றார் அம்மா.

"கருகாவிட்டால் அது நோயாளிக் கஞ்சி" என்றார் மாமி.

அன்றிலிருந்து அம்மாவுக்கு அந்த வீட்டில் தனி நாற்காலி.

லெபனான் வழிவந்த மேரி பஷீர் 2001இல் இந்த மாநிலத்தின் ஆளுநர் ஆனபோது, மாமி தொலைக்காட்சியின் முன் எழுந்து நின்றார். "உட்காருங்கள் மாமி, அவருக்கு உங்களைத் தெரியாது" என்றான் தம்பி. "என் பாட்டனாருக்குத் தெரியும்" என்றார்.

மாமியின் நாற்பதாம் நாள் பூசை வருகிற வெள்ளிக்கிழமை, ரெட்ஃபெர்ன் மரோனைட் கோயிலில். சாப்பாடு எங்கள் வீட்டில். வெங்காயம் மூட்டையாக வந்து இறங்கிவிட்டது. கத்தி பிடிக்கத் தெரிந்தவர்கள் காலையிலேயே வந்துவிடுங்கள்.