இதெல்லாம் இறால் குஞ்சா?

ஆஸ்திரேலியாவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே தென்பெருங்கடலில் இருக்கும் மக்குவாரித் தீவு பற்றிய பதிவுக்குப் பிறகு வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. "சார், கடலடிச் சேற்றைச் சலித்தால் பொடிப் பொடியாக வரும் என்று படம் காட்டினீர்களே, அதெல்லாம் இறால் குஞ்சுதானே? வளர விட்டால் பெரிதாகுமா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

ஆகாது. அதில் பல வளர்ந்து முடித்தவை; இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான வேறு ஓட்டுயிரிகள். அரை சென்டிமீட்டர் ஆம்பிபாட் ஒன்று பாட்டியாகக்கூட இருக்கலாம். பக்கவாட்டில் தட்டையாக, முதுகு வளைந்திருப்பது ஆம்பிபாட். மேலிருந்து அமுக்கிவிட்டது மாதிரி இருப்பது ஐசோபாட். முன்பக்கம் உப்பி வால் மெலிந்திருந்தால் கியூமேசியன். சேற்றில் குழாய் கட்டிக் குடியிருப்பது டனாயிட்.

பண்ணைகளில் வளர்க்கும் இறால் முட்டையைத் தண்ணீரில் விட்டதோடு சரி. பண்ணைக்காரர்களுக்குத் தெரியும்: நாப்ளி, சோயியா, மைசிஸ் என்று வேஷம் மாறி மாறித்தான் அது பிஎல், அதாவது இறால் உருவத்துக்கு வந்த குஞ்சு, ஆகும். அதுவரை நீரோட்டம் இழுத்த பக்கம் போகும். நான் சொன்ன நான்கு வகையிலும் அந்தக் கதையே இல்லை. பெண்ணின் கால்கள் தொடங்கும் இடத்தில் மெல்லிய தகடுகள் முளைத்து, ஒன்றன்மேல் ஒன்று படிந்து, வயிற்றடியில் ஒரு பை ஆகிவிடும். முட்டை அதற்குள். உயிருள்ள ஆம்பிபாடை நுண்ணோக்கியில் வைத்தால், தாய் நீந்தும் கால்களை ஓயாமல் அசைத்துப் பைக்குள் புதுத் தண்ணீர் அனுப்புவது தெரியும். வெளியே வரும் குஞ்சு ஏறக்குறைய அம்மாவின் சின்ன உருவம்.

சரி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். மிதந்து திரியும் பருவமே இல்லாத இவை மக்குவாரிக்கு எப்படி வந்தன? அந்தத் தீவு எந்தக் கண்டத்தோடும் ஒட்டியிருந்ததில்லை. கடலடித் தரை மேலே தள்ளப்பட்டு, சுமார் 6 லட்சம் ஆண்டுகளுக்கு முன்தான் தலைகாட்டியது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

அங்கே டுர்வில்லியா என்ற பெரிய கடற்பாசி உண்டு. அதன் இலையின் உள்பக்கம் தேனடை மாதிரி அறை அறையாகக் காற்று. புயலில் பிய்ந்தால் மூழ்காது. பாறையைப் பிடித்திருந்த அடிக்கட்டையோடு மிதக்கும். அந்தக் கட்டையைக் குடைந்து வாழ்வது லிம்னோரியா என்ற ஐசோபாட். வீடும் அதுவே, சாப்பாடும் அதுவே! தென்பெருங்கடல் தீவுகளின் லிம்னோரியாவையும் ஓர் ஆம்பிபாடையும் மரபணு வைத்து ஒப்பிட்ட ஆய்வு 2010-இல் வந்தது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியிலும் நெருங்கிய சொந்தம். அப்புறம், 2018-இல் வெளியான இன்னோர் ஆய்வில், அண்டார்டிகாவின் கிங் ஜார்ஜ் தீவில் ஒதுங்கிய ஒரு டுர்வில்லியா, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் உள்ள கெர்கெலன் தீவிலிருந்து வந்தது என்று தெரிந்தது. 20,000 கிலோமீட்டருக்கும் மேல் பயணம்.

முந்தைய பதிவுகளில் சொன்னதுதான், திரும்பவும் சொல்கிறேன்: பையில் முட்டையோடு ஒரே ஒரு தாய் கரை சேர்ந்தால் போதும், அங்கே ஒரு குடும்பம் தொடங்கலாம். இறாலின் குஞ்சுகள் நடுக்கடலில் திசைக்கொன்றாகச் சிதறும். வளர்ந்தபின் ஆணும் பெண்ணும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டுமே!

ஆனால் சேற்றில் இருக்கும் டனாயிட்டுக்கு இந்த ஓடம் கிடைப்பதில்லை. பக்கத்துக் கூட்டத்தோடு தொடர்பு அறுந்தால், காலப்போக்கில் தனி இனமாகிவிட வாய்ப்பு அதிகம். அதனால் தொலைதூரத் தீவுகளில் நாம் இன்னும் பெயர் வைக்காதவை பாறையைவிடச் சேற்றில்தான் அதிகம் இருக்கும் என்பது என் ஊகம்.