அயவாஸ்காவும் தூக்க மாத்திரையும்: தொண்டை தூங்கிவிட்டால் என்ன ஆகும்?

[திரையில்: மரத்தைச் சுற்றி முறுக்கி ஏறும் கனத்த கொடி]

வணக்கம். பெருவுக்குப் போகவிருந்த ஒரு நண்பர் என்னிடம் கேட்டார்: "அங்கே அயவாஸ்கா குடிக்கப் போறேன். பயம் வந்தா போட்டுக்க ஒரு அல்பிரசோலம் கையில வெச்சுக்கட்டுமா?"

முன்யோசனை உள்ளவர்தான் இப்படிக் கேட்பார். ஆனால் அவர் பாதுகாப்புக்கு என்று நினைத்த அந்தத் தூக்க மாத்திரைக்குத்தான் நான் பயந்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

அயவாஸ்கா என்பது அமேசான் காட்டுக் கஷாயம். கெச்சுவா மொழியில் 'ஆயா' என்றால் ஆவி, இறந்தவர். 'வாஸ்கா' என்றால் கொடி, கயிறு. ஒரு கொடியையும் சக்ருனா என்ற செடியின் இலையையும் சேர்த்து மணிக்கணக்கில் காய்ச்சுகிறார்கள். ஷிபிபோ போன்ற பழங்குடி மக்களுக்கு இது வைத்தியமும் வழிபாடும் சேர்ந்தது. 2008-ல் பெரு அரசு இதைத் தேசியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது.

[திரையில்: குடல், கல்லீரல் வரைபடம்]

இலையில் இருப்பது டி.எம்.டி. என்ற, காட்சிகளைத் தோற்றுவிக்கும் பொருள். அதை மட்டும் விழுங்கினால் ஒன்றும் ஆகாது. குடலிலும் கல்லீரலிலும் இருக்கும் மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதி அதை உடனே உடைத்துப் போட்டுவிடும். கொடியில் உள்ள ஹார்மின், ஹார்மலின் ஆகியவை அந்த நொதியைக் கட்டிப் போடுகின்றன. அப்புறம்தான் டி.எம்.டி. மூளைக்குப் போகிறது, நாலைந்து மணி நேரம் காட்சிகள் விரிகின்றன. ஆனால் அந்த நொதிக்கு வேறு வேலைகளும் உண்டு. மூளையில் செய்தி கடத்தும் செரோடோனின் என்ற பொருளை உடைப்பதும் அதுதான். அது கட்டுண்டு கிடக்கும் நேரத்தில் உள்ளே வரும் மற்ற மருந்துகளைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

இன்னொன்று: இந்தக் கஷாயம் குடித்தால் பெரும்பாலும் வாந்தி வரும். அங்கே அதை 'லா புர்கா' என்கிறார்கள், கழிவை வெளியேற்றுவது என்று. வாந்தியும் வைத்தியத்தின் ஒரு பகுதிதான். அதனால் பக்கத்தில் வாளி வைத்துக்கொண்டுதான் உட்காருகிறார்கள்.

சரி, இப்போது தூக்க மாத்திரைக்கு வருவோம்.

நமக்குப் புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்வோம். உண்மையில் அந்த இருமல் ஒரு காவலாளி. சோறோ தண்ணீரோ மூச்சுக்குழல் பக்கம் தவறிப் போனால் உடனே இருமி வெளியே தள்ளுகிறது. மதுவும், அல்பிரசோலம், குளோனசிபம், டயசிபம் போன்ற மாத்திரைகளும் அளவு கூடினாலோ ஒன்றோடொன்று சேர்ந்தாலோ அந்தக் காவலாளியையும் தூங்க வைத்துவிடும். ஒரு பக்கம் வாந்தி எடுக்க வைக்கும் கஷாயம். மறுபக்கம் புரையேறினாலும் இருமாத தொண்டை. மல்லாந்து படுத்திருப்பவருக்கு வாந்தி நேராக நுரையீரலுக்குள் இறங்கலாம். சடங்கு நடக்கும் இருட்டில், பாட்டுச் சத்தத்துக்கு நடுவே, பக்கத்தில் இருப்பவர் 'நல்லாத் தூங்குறார்' என்று நினைத்துக்கொள்வார். என்னை அதிகம் பயமுறுத்துவது இந்தக் காட்சிதான்.

மருத்துவமனையில் பதற்றத்தில் துடிக்கும் நோயாளிக்கு டாக்டர்கள் இதே வகை மருந்தைக் கொடுக்கிறார்களே என்று கேட்கலாம். கொடுக்கிறார்கள்தான். அங்கே விரலில் ஆக்சிஜன் அளவி மாட்டியிருக்கும், தொண்டையை உறிஞ்சிச் சுத்தம் செய்யும் கருவி இருக்கும், நர்ஸ் பக்கத்திலேயே நிற்பார். ஆனால் அயவாஸ்கா குடிக்கப் பலர் போகும் பெருவின் இக்கிடோஸ் நகருக்கு வெளியூரிலிருந்து சாலையே கிடையாது. விமானம் அல்லது படகுதான். அங்கிருந்தும் தள்ளிக் காட்டுக்குள் இருக்கும் குடிலில் இந்த வசதி எதையும் எதிர்பார்க்க முடியாது.

[திரையில்: மாத்திரை அட்டைகள், இருமல் சிரப் பாட்டில்]

சில வலி மாத்திரைகள் இன்னும் மோசம். டிரமடால், பெதிடின், மெத்தடோன் ஆகியவை மூச்சின் வேகத்தைக் குறைக்கும், செரோடோனினையும் ஏற்றிவிடும். அதை உடைக்க வேண்டிய நொதியோ கட்டுண்டு கிடக்கிறது. காய்ச்சல் எகிறும், தசை விறைத்து வெட்டி இழுக்கும், நெஞ்சு படபடக்கும், புத்தி தடுமாறும். இதுதான் செரோடோனின் நோய்க்குறி. பல இருமல் சிரப்புகளில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பனும் இதே வேலையைச் செய்யும். 1984-ல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் 18 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். இதே நொதியைத் தடுக்கும் ஃபினெல்சின் மாத்திரை சாப்பிட்டு வந்தவருக்குப் பெதிடின் ஊசி போட்டிருந்தார்கள். ஃபினெல்சினின் தாக்கம் வாரக்கணக்கில் நிற்கும், கொடியின் தாக்கம் சில மணி நேரம்தான் என்பது உண்மை. ஆனால் அந்தச் சில மணி நேரத்துக்குள் மாத்திரை போட்டால் மோதல் ஒன்றுதான்.

'நேற்றுப் போட்டதுதானே' என்ற கணக்கும் உதவாது. டயசிபமும் அதிலிருந்து உடம்பில் உருவாகும் பொருளும் வெளியேற நாள்கணக்கில் ஆகும்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. சடங்குக்கு உடம்பைச் சுத்தமாக்குகிறேன் என்று, மாதக்கணக்கில் சாப்பிட்டு வந்த குளோனசிபத்தை ஒரே நாளில் நிறுத்துகிறார்கள். அப்படி நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். அந்த வகை மாத்திரையை டாக்டர் மேற்பார்வையில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

சில கஷாயங்களில் தோவே என்ற செடியையும் சேர்க்கிறார்கள். நம் ஊர் ஊமத்தையின் உறவு அது. அட்ரோபின், ஸ்கோபோலமின் இரண்டும் அதில் உண்டு. ஊமத்தை தின்றவரின் நிலை கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்: வாய் வறண்டு, கண் விரிந்து, இதயம் ஓடி, எதிரே இல்லாதவரோடு பேசுவார்கள். கோப்பையில் என்னென்ன இருக்கிறது என்று தெரியாமல் அதன் மேல் ஒரு தூக்க மாத்திரை போடுவதை யோசித்துப் பாருங்கள்.

[திரையில்: ஒருக்களித்துப் படுத்திருக்கும் உருவம்]

யாராவது இப்படிக் கலந்து குடித்துவிட்டு மயங்கிக் கிடந்தால் அவரை மல்லாந்து கிடக்க விடாதீர்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாந்தி வெளியே வழியும்படி தலையைச் சாய்த்து வையுங்கள். மூச்சு இல்லையென்றால் உதவிக்கு ஆள் அழைத்துவிட்டு உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். கொரகொர என்ற குறட்டை, நீலம் பாய்ந்த உதடு, தட்டினாலும் எழாத நிலை, கொதிக்கும் உடம்பு, இவற்றில் எது இருந்தாலும் ஆம்புலன்ஸ்தான். இந்தியாவில் 108, இலங்கையில் 1990. காபி ஊற்றாதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். நலோக்சோன் என்ற மாற்று மருந்து கிடைத்தால் அது மார்ஃபின் வகை மருந்துகளுக்குத்தான் எதிராக வேலை செய்யும். மதுவுக்கும் அல்பிரசோலத்துக்கும் கேட்காது.

டி.எம்.டி. இந்தியாவில் போதைப்பொருள் தடைச் சட்டத்தில் இருக்கிறது. அந்தப் பயத்தில் டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். என்ன குடித்தார், எத்தனை மணிக்குக் குடித்தார், கூட எந்த மாத்திரை போட்டார், இதெல்லாம் தெரிந்தால்தான் அடுத்து எந்த ஊசி போடலாம், எதைப் போடவே கூடாது என்று அவரால் முடிவெடுக்க முடியும். காலி மாத்திரை அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.