சாவி குடுக்குறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரி

(சென்னைக் குடிசைப் பகுதி சனங்கள ஊருக்கு வெளிய கொண்டாந்து குடியேத்தின பெரும்பாக்கத்துல, உலக சுகாதார தின கூட்டத்துல ஒரு நர்சம்மா பேசினது. ஆடியோவ கேட்டு டைப் பண்ணியிருக்கோம், பேசின மாதிரியே இருக்கட்டும்னு விட்டுட்டோம்.)

எல்லாருக்கும் வணக்கம். தலைமை தாங்குற நம்ம குடியிருப்போர் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, காலையிலேர்ந்து பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் அலைஞ்சு இன்னும் ஒரு வாய் டீ கூட குடிக்காத செயலாளர் தம்பி அவர்களே, நம்ம அழைப்ப மதிச்சு வந்திருக்குற ஊராட்சி வார்டு உறுப்பினர் அம்மா அவர்களே, ஓபி முடிச்சுட்டு நேரா இங்க வந்திருக்குற டாக்டரம்மா அவர்களே, அரசு மேல்நிலைப்பள்ளி ஆசிரியர் ஐயா அவர்களே, நம்ம அங்கன்வாடி டீச்சருங்க, தூய்மைப் பணியாளர் தோழருங்க, யார் பேராவது விட்டுப்போயிருந்தா மன்னிக்கணும், முன்னாடி பாய்ல உக்காந்திருக்குற என் அக்கா தங்கச்சிங்க எல்லாருக்கும் இந்த நர்சம்மாவோட வணக்கம். டாக்டரம்மாவுக்கு ஒரு சால்வை போடணும்னு சொன்னாங்க, அவங்க சால்வைக்குப் பதிலா பிபி மெஷினுக்கு பேட்டரி வாங்கிக் குடுங்கன்னு கேட்டுட்டாங்க, அதுக்காகவே ஒரு தடவ கை தட்டுங்க.

எனக்குக் குடுத்த தலைப்பு, குடியிருப்பும் அரசுக் கொள்கையும் எப்படி நம்ம ஒடம்ப பாதிக்குதுங்கறது. மூணு விஷயம் சொல்லலாம்னு வந்தேன். வீடு எங்க இருக்கு, வீட்ட எப்படி கட்டியிருக்காங்க, சட்டம் என்ன சொல்லுது.

எலி வளையானாலும் தனி வளை வேணும்னு ஒரு பழமொழி இருக்கு இல்லையா? வீட்டுச் சாவி குடுக்குற விழாவுல இத சொல்லாத ஆள் கிடையாது. நானும் ஒத்துக்கறேன், கூவம் கரையில பிளாஸ்டிக் ஷீட்டுக்குக் கீழ பச்சப்புள்ளைக்கு சொட்டு மருந்து ஊத்தினவ நான், மழை வந்தா அந்த சனங்க பட்ட பாடு எனக்குத் தெரியும், தனி வளை வேணும்தான். ஆனா எலி அந்த வளைய எங்க தோண்டுதுன்னு யாராச்சும் பாத்திருக்கீங்களா? நெல்லு வெளையிற வயலோட வரப்புலதான் தோண்டும். தீனி இல்லாத பொட்டல்ல எந்த எலியும் போய் வளை தோண்டாது. நம்மள மட்டும் தீனிக்கு 25 கிலோமீட்டர் தள்ளி கொண்டாந்து வச்சிருக்காங்க.

ஆரம்பத்துல இப்படி இல்லீங்க. 1970-ல குடிசை மாற்று வாரியம் வந்துச்சு, அடுத்த வருஷமே அதுக்கு சட்டமும் வந்துச்சு, ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்னு வாரியத்தோட வாசகம். அப்பல்லாம் குடிசை இருந்த எடத்துலயே மூணு மாடி நாலு மாடி கட்டி அதே சனங்களுக்குக் குடுத்தாங்க, பட்டினப்பாக்கம் பக்கமெல்லாம் போனா இன்னிக்கும் அந்தப் பழைய கட்டடங்கள பாக்கலாம். அப்புறம் ஊருக்குள்ள நெலத்தோட வெல ஏற ஏற நாம ஊருக்கு வெளிய போக ஆரம்பிச்சோம். 2000-த்துல கண்ணகி நகர், சுனாமிக்கு அப்புறம் செம்மஞ்சேரி, அதுக்கும் அப்புறம் இந்தப் பெரும்பாக்கம், எட்டு மாடி, 20,000 வீட்டுக்கு மேல. 2015 டிசம்பர் வெள்ளம் வடிஞ்ச கையோட அடையாறு கரையிலேர்ந்தும் கூவம் கரையிலேர்ந்தும் வந்தவங்க இங்க எத்தன பேர் கைய தூக்குங்க பாப்போம். பாத்தீங்களா. வெள்ளத்துலேர்ந்து காப்பாத்துறோம்னு கூட்டிட்டு வந்து பள்ளிக்கரணை சதுப்பு நெலத்து ஓரத்துல குடிவச்சாங்க, மழைக்காலத்துல இங்கயும் தண்ணி நிக்குது. வாரியத்தோட பேரையும் 2021-ல நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு மாத்தினாங்க, நல்ல பேரு, நான் வரவேற்கிறேன்.

இப்ப தூரம் ஒடம்ப என்ன பண்ணுதுன்னு பாருங்க. ஏழாவது பிளாக்ல ஒரு அக்கா சென்னைக்குள்ள மந்தைவெளியில மூணு வீட்ல வேலை செய்யறாங்க, சுகர் இருக்கு. விடிகாலை அஞ்சு மணிக்கெல்லாம் பஸ் ஸ்டாப்ல நிக்கணும். சாப்பாட்டோட சேத்துப் போட வேண்டிய மாத்திரை, அந்த நேரத்துல என்னத்த சாப்பிடுவாங்க? மாத்திரை ஸ்ட்ரிப் அப்படியே மணிபர்ஸ்ல இருக்கு, நானே வாங்கிப் பாத்தேன், பத்துல ரெண்டுதான் பிச்சிருக்கு. 2021-ல பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் ஆச்சு, அது ஒரு பெரிய உபகாரம், அந்த டிக்கெட் காசு இப்ப பால் பாக்கெட்டா மாறியிருக்கு. அதே வருஷம் ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் வந்துச்சு, பிபிக்கும் சுகருக்கும் வீடு தேடி மாத்திரை தர்றாங்க, அந்தத் திட்டத்துல வேலை பாக்குற பொண்ணுங்கள கும்பிடணும். ஆனா அவங்க கதவ தட்டுற நேரத்துல நம்ம அக்கா மந்தைவெளியில பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருக்காங்க. வீடு மந்தைவெளிப் பக்கத்துலயே இருந்திருந்தா ஒரு எட்டு வந்து வாங்கிட்டுப் போயிருப்பாங்க. எலி வளையானாலும் தனி வளை, சரி, வரப்புல இருக்க வேணாமா?

தடுப்பூசி அட்டைக் கதையும் இதேதான். சென்னை மாநகராட்சிக் கணக்குல இருந்த புள்ள ராத்திரியோட ராத்திரியா ஊராட்சிக் கணக்குக்கு வந்துருச்சு. அங்க இருக்குற நர்சு புள்ள ஊர விட்டுப் போயிருச்சுன்னு எழுதுவா, இங்க இருக்குற நர்சுக்கு இப்படி ஒரு புள்ள வந்திருக்குன்னே தெரியாது. நடுவுல ஒன்றரை வயசு பூஸ்டர் போச்சு. அங்க பேர் பதிஞ்ச கர்ப்பிணிப் பொண்ணு செக்கப்புக்கு பழைய எடத்துக்கே ரெண்டு பஸ் மாறிப் போறா, ஏழு மாசம் ஆனதும் போறத விட்டுடறா.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும், இங்க பாதிப் பேருக்குத் தெரிஞ்ச கதைதான். ஆறாவது மாடில ஒரு தாத்தா, பேர் வேணாம், இங்கதான் எங்கயோ அவர் பேத்தி உக்காந்திருக்கா. ஐப்பசி மழை, ராத்திரி பதினோரு மணி இருக்கும், கரண்டு இல்ல, லிப்ட் அதுக்கு முந்தின வாரத்துலேர்ந்தே ஓடல. தாத்தாவுக்கு நெஞ்சுல வலி, வேர்த்துக் கொட்டுது. 108-க்கு போன் போட்டாச்சு, அவங்க பாவம் சீக்கிரமே வந்துட்டாங்க, ஆனா பிளாக் நம்பர் எழுதுன பெயிண்டு வெளுத்துப்போய் எது எந்த பிளாக்குன்னு தெரியாம சுத்தறாங்க, ஒரு பையன் மழையில ஓடி வண்டி முன்னாடி நின்னு கூட்டிட்டு வந்தான். ஸ்ட்ரெச்சர் படிக்கட்டு வளைவுல திரும்ப மாட்டேங்குது. என்ன பண்றது? பக்கத்து வீட்டு நீலக் கலர் பிளாஸ்டிக் சேர் ஒண்ணு எடுத்தாங்க, தாத்தாவ உக்கார வச்சு பாட்டியோட பழைய பொடவையால இடுப்போட சேத்துக் கட்டினாங்க, ஆட்டோ ஓட்டுற நம்ம பசங்க நாலு பேர் சேர தூக்கிட்டாங்க. முன்னாடி ஒருத்தன் செல்போன் டார்ச்ச அடிச்சுக்கிட்டு பின்பக்கமாவே எறங்கறான். தாத்தா அந்த வலியிலயும், டேய் எடது பக்கம் வழுக்கும்டா, பாத்து வைங்கடா கால, எனக்கு ஆனாலும் பரவால்ல உங்களுக்குப் புள்ள குட்டி இருக்குடான்னு வழி சொல்லிக்கிட்டே வர்றாரு. நாலாவது மாடில சேர் கால் ஒண்ணு விரிசல் விட்டுருச்சு. அதுக்கு மேல ஒருத்தன் தாத்தாவ முதுகுல உப்பு மூட்டை தூக்கிட்டான், அப்படியே தரைக்கு வந்து வண்டியில ஏத்தினாங்க, ஆஸ்பத்திரியில உயிரக் காப்பாத்திட்டாங்க. அந்த நாலு பசங்களும் இங்கதான் பின்னாடி நிக்கறாங்க, கை தட்டுங்க அவங்களுக்கு. (பலத்த கைதட்டல்)

இருங்க, கதை முடியல. தாத்தா திரும்பி வந்தாரு, அதே ஆறாவது மாடிக்கு. அன்னிலேர்ந்து இன்னி வரைக்கும் அவர் கீழ எறங்கல. மறுபடியும் பசங்களுக்கு ஏன் தொந்தரவுன்னு சொல்லிட்டாரு. செக்கப்புக்குப் போறதில்ல, ரேஷன் கடைப் பக்கம் போய் நாலு பேரோட பேசறதில்ல, காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. வீடு ஒதுக்கறப்ப குலுக்கல்ல வந்த மாடி ஆறு. வயசானவங்களுக்கும் மாற்றுத் திறனாளிங்களுக்கும் தரைத்தளம்னு சொல்றாங்க, நேர்ல வந்து ஒவ்வொரு மாடியா எண்ணிப் பாக்கணும்.

ரெண்டாவது விஷயம், கட்டுற விதம். மும்பையில மான்குர்த், கோவண்டி பக்கம் நம்மள மாதிரியே குடிசைலேர்ந்து மாத்தி வச்ச குடியிருப்புங்க இருக்கு. லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட், பி.எம்.ஜி. காலனின்னு மூணையும் டாக்டர்ஸ் ஃபார் யூங்கற அமைப்பு ஆராய்ஞ்சு 2018-ல சொன்னாங்க. முதல் ரெண்டுலயும் கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவுல மூணு மீட்டர்தான், கீழ் மாடிக்கு வெயிலே எட்டாது, பகல்லயே லைட்டு போடணும். அங்க காசநோய் கிட்டத்தட்ட பத்துக்கு ஒண்ணுங்கற கணக்கு, தள்ளித் தள்ளி கட்டின பி.எம்.ஜி. காலனியில நூத்துக்கு ஒண்ணு. அதே ஊரு, அதே மாதிரி ஏழை சனங்க. காசநோய்க் கிருமி காத்துல மெதந்துக்கிட்டே இருக்கும், ஜன்னல் தொறந்து காத்து ஓடினா வெளிய போயிரும், வெயில் பட்டா சாகும். அப்ப ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல எவ்வளவு எடம் விடணும்னு வரைபடத்துல கையெழுத்துப் போடுற ஆபீசரும் நம்ம நுரையீரலுக்கு வைத்தியம் பாக்குறவர்தான், அவருக்கு அது தெரியணும்.

காசநோய்னு வந்தா சேத்துப்பட்ட சொல்லாம விட மாட்டேன். 1956-ல அங்க ஒரு ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சாங்க. அப்பல்லாம் டிபின்னா சானடோரியம், அதாவது காசநோய்க்காரங்கள தங்க வச்சுப் பாக்குற ஆஸ்பத்திரி, மாசக்கணக்குல படுக்கை, முட்டை பாலு. நம்ம மெட்ராஸ் டாக்டருங்க நோயாளிகள ரெண்டு பிரிவா பிரிச்சாங்க, ஒரு பிரிவ சானடோரியத்துல சேத்தாங்க, இன்னொரு பிரிவ அவங்கவங்க நெரிசலான வீட்லயே வச்சு ஒரு வருஷம் மாத்திரை குடுத்தாங்க. 1959-ல முடிவு வந்துச்சு, வீட்ல இருந்தவங்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானாங்க, அவங்க வீட்டுச் சனங்களுக்கும் அதனால கூடுதலா நோய் ஒட்டல. உலகம் பூரா காசநோய் வைத்தியத்தையே மாத்தின ஆராய்ச்சி அது, நம்ம ஊர்ல, ஏழைங்க வீட்ல நடந்தது. ஏன் நடந்துச்சு? மாத்திரையும் நர்சும் எட்டுற தூரத்துல இருந்தாங்க. இன்னிக்கு காசநோய் வந்தா சத்துணவுக்கு மாசம் 1000 ரூபா கணக்குல போடறாங்க, நல்லதுதான், ஆனா எட்டாத ஆஸ்பத்திரிக்குப் போய்வர்ற ஆட்டோவுக்கே அந்தக் காசு போயிருமே.

அதனாலதான் நான் எந்த மேடை ஏறினாலும் இந்த ஒண்ண விடாம கேக்கறேன். சாவி குடுக்குறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரி. புதுசா எந்த எடத்துல குடியேத்தினாலும் முதல் குடும்பம் பால் காய்ச்சுறதுக்கு முன்னாடி அங்க ஆரம்ப சுகாதார நிலையம் தொறந்திருக்கணும், நர்சு வந்து உக்காந்திருக்கணும், பழைய எடத்து தடுப்பூசிப் பதிவும் கர்ப்பிணிப் பதிவும் அவ மேஜைக்கு வந்திருக்கணும். முடிஞ்ச வரைக்கும் அதே எடத்துலயே கட்டிக் குடுங்க, முடியாதுன்னா இதையாவது செய்யுங்க. எலி வளையானாலும் தனி வளைன்னு மேடையில சொல்றவங்க எல்லாரும் இதையும் சேத்து சொல்லட்டும். சாந்தோம்ல பேசினப்பவும் கேட்டேன், செம்மஞ்சேரியிலயும் கேட்டேன், எனக்கு மூச்சு இருக்குற வரைக்கும் கேப்பேன்.

மூணாவது சட்டம். 1985-லயே நடைபாதையில குடியிருந்தவங்க வழக்குல பொழைப்பும் உயிர்வாழும் உரிமையோட பாகம்தான்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு, நம்ம மாநிலத்துல மறுகுடியமர்வுக்கு 2021-ல ஒரு வரைவுக் கொள்கை விட்டாங்க, அதப் பத்தி நெறைய இருக்கு, ஆனா தலைவர் ஐயா வாட்ச்ச காட்டறாரு, அடுத்த கூட்டத்துல வக்கீல் ஒருத்தரையே கூப்பிட்டு வச்சுப் பேசுவோம்.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள், கண்ணகி நகர்ப் பொண்ணு கபடியில ஆசிய அளவுல தங்கம் வாங்கிட்டு வந்தா, நம்ம புள்ளைங்களுக்கும் சாயங்காலம் கிரவுண்டு தொறந்து விடுங்க. வார்டு உறுப்பினர் அம்மா, பிளாக் நம்பருக்கு பெயிண்டு அடிக்கிற வேலைய மழைக்கு முன்னாடி முடிச்சுக் குடுங்க. மனு அந்த ஓரத்து மேஜையில இருக்கு, மூணாவது மாடிக்கு மேல இருக்குற வயசானவங்க, நடக்க முடியாதவங்க பேரு, பிளாக்கு, கதவு நம்பர் எழுத தனியா ஒரு நோட்டும் வச்சிருக்கோம். மோர் குடிக்கப் போறப்ப எழுதிட்டுப் போங்க. உங்க பக்கத்து வீட்டுப் பேரையும் சேத்து எழுதுங்க, அவங்க கீழ எறங்க முடியாமதான் இங்க வரல. நன்றி, வணக்கம்.