வானவில்லும் ஏறிவரும் கடலும்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

“காலநிலை நீதிக்கான போராட்டத்துக்குக் கிறிஸ்தவ நம்பிக்கை துணையா, தடையா?” என்ற தலைப்பில், துணையே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர் மூன்று குற்றச்சாட்டுகளை வைத்தார். வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் பூமியைக் கீழ்ப்படுத்தும் உரிமையை மனிதனுக்குக் கொடுத்துவிட்டது என்றார். திருச்சபைகளே எண்ணெய் நிறுவனங்களின் பங்குகளில் பணம் போட்டு வைத்திருந்தன என்றார். கடல் ஏறிவரும் துவாலுத் தீவுகளில், இனி வெள்ளத்தால் பூமியை அழிப்பதில்லை என்ற கடவுளின் வாக்குறுதிக்கு அடையாளமாக நோவாவுக்குக் காட்டப்பட்ட வானவில்லை நம்பிச் சிலர் எதுவும் நேராது என்றிருக்கிறார்கள் என்றார். மூன்றிலும் உண்மை இருக்கிறது. அதை மூடி மறைத்து வெல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் இந்த மூன்று கேடுகளையும் எதிர்த்து எழுந்தவர்களில் அதே நம்பிக்கைக்குள் நின்றவர்களும் இருந்தார்கள் என்பதையும், அதே வேதத்தின் சொற்களைக் கொண்டே அவர்கள் அதைச் செய்தார்கள் என்பதையும் தோழர் சொல்லாமல் விட்டுவிட்டார். என் வாதம் முழுவதும் அந்த விடுபட்ட பகுதியைப் பற்றியதே.

முதல் குற்றச்சாட்டு 1967இல் வரலாற்றாசிரியர் லின் ஒயிட் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையால் புகழ்பெற்றது. சூழல் நெருக்கடியின் வேர் மேற்கத்தியக் கிறிஸ்தவத்தில் இருக்கிறது என்று எழுதிய அவரே, வேர் சமயத்தில் இருப்பதால் மருந்தும் சமயத்திலிருந்தே வரவேண்டும் என்று சொல்லி, அசிசி நகரத்துப் புனிதர் பிரான்சிஸைச் சூழலியலாளர்களின் பாதுகாவலராக முன்மொழிந்து கட்டுரையை முடித்தார். 1979இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அதை முறைப்படி அறிவித்தார். ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் தோட்டத்தில் வைக்கப்பட்டதன் நோக்கம், தமிழ் வேதாகமத்தின் சொற்களில், ‘அதைப் பண்படுத்தவும் காக்கவும்’ என்பதாகும். நிலத்தைப் பண்படுத்துவதும் மனிதரின் பண்பாடும் ஒரே சொல்லிலிருந்து கிளைத்தவை என்பதைத் தமிழ் அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வேதாகமத்தின் இன்னொரு நூலான லேவியராகமத்தின் இருபத்தைந்தாம் அதிகாரமோ, நிலம் கடவுளுடையது, அதை அறுதியாய் விற்காதீர்கள், நீங்கள் அதில் புறக்குடிகள் என்று உடைமையாளரின் முகத்துக்கு நேராகவே சொல்கிறது.

ஏட்டில் இருப்பது களத்துக்கு வந்ததா என்று எதிரணி கேட்கலாம். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் வாரன் மாவட்டத்துக்கு அவையை அழைத்துச் செல்கிறேன். 1978இல் பி.சி.பி. என்னும் நச்சு வேதிப்பொருள் கலந்த எண்ணெயை அந்த மாநிலத்தின் சாலையோரங்களில் சுமார் 390 கிலோமீட்டர் தூரத்துக்குத் திருட்டுத்தனமாகக் கொட்டிவிட்டார்கள். நஞ்சேறிய அந்த மண்ணை அள்ளிப் புதைக்க ஓரிடம் தேவைப்பட்டபோது, கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த, மாநிலத்தின் மிக ஏழ்மையான பகுதிகளில் ஒன்றான வாரன் மாவட்டத்தை அரசு தேர்ந்தெடுத்தது. 1982 செப்டம்பரில் லாரிகள் வரத் தொடங்கியதும், கோலி ஸ்பிரிங்ஸ் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் கூடி ஜெபித்த மக்கள், அங்கிருந்து புதைகுழியை நோக்கி நடந்து, சாலையில் படுத்து லாரிகளை மறித்தார்கள். ஆறு வாரங்களில் 500க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். ஆயினும் நஞ்சு அங்கேயே புதைக்கப்பட்டது. அன்று அவர்கள் தோற்றார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்தத் தோல்வியிலிருந்து அந்த மக்கள் எழுப்பிய கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நஞ்சு ஏன் எப்போதும் எங்கள் வாசலுக்கு வருகிறது? இதற்கு விடை காண, ஐக்கிய கிறிஸ்துத் திருச்சபையின் இன நீதி ஆணையம் அமெரிக்கா முழுவதும் நச்சுக் கழிவு நிலையங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று அஞ்சல் குறியீட்டு எண் வாரியாக ஆராய்ந்து 1987இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரு பகுதியில் வாழ்வோரின் வருமானத்தைவிட அவர்களின் இனமே அந்த நிலையங்கள் அமையும் இடத்தோடு அதிகம் பொருந்திப்போகிறது என்று அது நிறுவியது. அதே ஆணையம் 1991இல் வாஷிங்டனில் கூட்டிய மாநாடு சூழல் நீதிக்கான 17 கோட்பாடுகளை வகுத்தது. இன்று நாம் ‘காலநிலை நீதி’ என்று சொல்லும்போது அதிலுள்ள ‘நீதி’ என்ற சொல்லுக்கு இத்தனை கனம் வந்ததில் அந்தத் தேவாலயத்துக்கும் பெரும்பங்கு உண்டு. ‘நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டு வரக்கடவது’ என்று ஆமோஸ் தீர்க்கதரிசி சொன்னதைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்தவர்கள், தங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு ஆபத்து வந்தபோது அதை வெறும் சுகாதாரப் பிரச்சினையாகப் பார்த்திருக்க முடியாது.

பணத்தைப் பற்றிய குற்றச்சாட்டுக்கு நீண்ட பதில் தேவையில்லை. திருச்சபைகள் தாமதித்தன; அது தவறு. ஆனால் 2013இல் அதே ஐக்கிய கிறிஸ்துத் திருச்சபையும், 2014இல் உலகத் திருச்சபைகள் மன்றமும் புதைபடிவ எரிபொருள் முதலீட்டிலிருந்து விலக முடிவெடுத்தன. இங்கிலாந்துத் திருச்சபையின் நிதி ஆணையம், தான் பங்கு வைத்திருந்த பெரிய எண்ணெய் நிறுவனங்களை 2023இல் விலக்கியது. அவர்களை இதற்கு நெருக்கியவர்களில் சொந்தச் சபையினரும் முன்னின்றார்கள்.

இனி துவாலுவுக்கு வருகிறேன். பசிபிக் கடலில் ஒன்பது தீவுகள். சுமார் 11,000 மக்கள். கடல்மட்டத்திலிருந்து நிலத்தின் சராசரி உயரம் ஏறத்தாழ 2 மீட்டர். அவர்கள் குழி தோண்டிப் பயிரிடும் புலாக்கா என்னும் கிழங்கு, உப்புநீர் ஊறி அழுகுகிறது. 1861இல் குக் தீவுகளைச் சேர்ந்த எலெக்கானா என்பவர் புயலில் படகோடு அடித்துச் செல்லப்பட்டு, பல வாரங்கள் கடலில் மிதந்து, அங்கே கரை ஒதுங்கியதிலிருந்து அவர்களின் கிறிஸ்தவ வரலாறு தொடங்குகிறது. இனி ஜலப்பிரளயத்தால் பூமியை அழிப்பதில்லை என்ற வாக்குறுதியை அங்குள்ள முதியவர்கள் உயிராகப் போற்றுகிறார்கள். அவர்களில் ஒரு முதியவரிடம் கடல்மட்ட வரைபடத்தை விரித்துக் காட்டினால், அவர் வரைபடத்தையும் வேதத்தையும் தராசின் இரு தட்டுகளில் வைத்துப் பார்ப்பார். எந்தத் தட்டு தாழும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் அவருடைய சபையின் போதகரே அருகில் அமர்ந்து, “கடவுள் தம் உடன்படிக்கையை மீறவில்லை, ஐயா, இந்த வெள்ளத்தை அவர் அனுப்பவில்லை, தூரத்து நாடுகளில் மனிதர் எரித்த நிலக்கரியும் எண்ணெயும்தான் இதை அனுப்புகின்றன” என்று சொல்லும்போது, வானவில் அவரிடமிருந்து பறிக்கப்படுவதில்லை, குற்றம் யாருடையது என்பது மட்டும் அவருக்கு விளங்கிவிடுகிறது. பசிபிக் தீவுகளின் இறையியலாளர்கள் பல ஆண்டுகளாகச் செய்துவரும் பணி இதுவே. தடை என்று எதிரணி காட்டிய இடத்தில் அதை நீக்கக்கூடியவர் யார் என்பதை நடுவர் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த மொழி கடல் கடந்தும் பேசுகிறது. துவாலுவின் இறையியலாளர் மைனா தாலியா, அண்டை வீட்டாரைக் குறிக்கும் ‘துவாகோய்’ என்ற தம் மக்களின் சொல்லைக் கொண்டு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு மற்றவர்கள் விலகிப் போக, அயலானான சமாரியன் ஒருவன் நின்று உதவிய நல்ல சமாரியன் உவமையை மறுவாசிப்புச் செய்து முனைவர் பட்ட ஆய்வு எழுதினார். 2024இல் தம் நாட்டின் காலநிலைத் துறைக்கும் அமைச்சரானார். அந்த உவமைக்கு முன்னுரையாக, சமயச் சட்டம் கற்ற நியாயசாஸ்திரி ஒருவன் இயேசுவிடம், “எனக்குப் பிறன் யார்?” என்று கேட்கிறான். தாலியாவின் கேள்வியோ அடிபட்டுக் கிடப்பவனின் வாயிலிருந்து வருகிறது: நான் உன் துவாகோய் இல்லையா?

2023 நவம்பரில் ஆஸ்திரேலியா துவாலுவோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஆண்டுக்கு 280 பேருக்குக் குடியேற இடம் தர இசைந்தது. அண்டை அயலாரின் நல்லுறவைக் குறிக்கும் ‘ஃபலேபிலி’ என்ற துவாலுச் சொல்லே அந்த ஒப்பந்தத்துக்குப் பெயர். 2025இல் அந்த இடங்களுக்கான முதல் குலுக்கலுக்கு மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் பதிவு செய்தார்கள். அதே ஆஸ்திரேலியா இன்றும் உலகின் மிகப்பெரிய நிலக்கரி ஏற்றுமதி நாடுகளில் ஒன்று. நல்ல சமாரியன் உவமை அங்குள்ள தேவாலயங்களிலும் வாசிக்கப்படக்கூடும். சமாரியன் யார், விலகிப் போனவர்கள் யார் என்று அங்கே அமர்ந்திருப்பவர்களுக்கும் சிறுவயதிலிருந்தே தெரியும். துவாலுவின் கேள்விக்குப் பதில் சொல்ல அவர்கள் இன்னும் கடன்பட்டிருக்கிறார்கள், நடுவர் அவர்களே.