பிட்ஸ்பர்க் நல்ல ஊரா?

(அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கும் பிட்ஸ்பர்க் வட்டாரத்துக்குப் புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பங்களின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். காபி ஆறுவதற்குள் முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். மைக் என் கையில் இருப்பதால் அதற்கு நான் உத்தரவாதம் தரவில்லை.

புதிதாக வந்திருக்கிற நீங்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒன்றுதான். "ஊர் எப்படிங்க? வீடு வாங்கலாமா, இல்ல ரெண்டு வருஷம் ஓட்டிட்டு டெக்சாஸ் பக்கம் போயிடலாமா?" ஒருவர், "இந்தச் சம்பளத்துக்கு இப்படி ஒரு வீடு வேற எங்க கிடைக்கும்" என்பார். அடுத்தவர், "சூரியனைப் பாத்து எத்தனை நாளாச்சு, மனுஷன் இருப்பானா இங்க" என்பார். மூன்றாவது ஆள், அவர் இங்கேயே பிறந்தவர், "முன்ன நல்லா இருந்துச்சு" என்று பெருமூச்சு விடுவார். கேட்கிற உங்களுக்குத் தலை சுற்றும்.

மூன்று பேர் சொல்வதும் நிஜம்தான். ஆனால் இந்த ஊரைப் பற்றி யார் எதைச் சொன்னாலும், கையோடு இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். எந்த வருஷத்திலிருந்து இங்கே இருக்கிறார்? எந்த மேட்டில், அல்லது எந்தப் பள்ளத்தில் குடியிருக்கிறார்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால், அவர் சொல்லப்போவதில் பாதியை நாமே சொல்லிவிடலாம்.

பட்டியல்களை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். 1985இல் ராண்ட் மெக்நாலி நிறுவனத்தின் கையேடு, அமெரிக்காவில் வாழ்வதற்கு முதலிடம் பிட்ஸ்பர்க் என்று சொன்னது. 2009இல் எகனாமிஸ்ட் குழுமத்தின் ஆய்வுப் பிரிவும் அமெரிக்க நகரங்களில் முதலிடம் கொடுத்தது. அந்த 1985 எப்படிப்பட்ட வருஷம் தெரியுமா? உருக்காலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடி, வாடகை வேனில் சாமான் ஏற்றிக்கொண்டு குடும்பம் குடும்பமாக ஊரைக் காலி செய்துகொண்டிருந்த காலம். எகனாமிஸ்ட் பட்டியலோ, வெளிநாட்டுக்கு அனுப்பும் அதிகாரிக்குக் கஷ்டப் படி எவ்வளவு தரலாம் என்று கம்பெனிகள் கணக்குப் போடுவதற்காகப் பிறந்த பட்டியல். படி வாங்கும் அதிகாரிக்கு ஊர் சுகமாக இருக்கும். அதை மறுக்க நான் யார்?

"முன்ன நல்லா இருந்துச்சு" என்கிறாரே, அவரிடம் வருவோம். 1950 கணக்கெடுப்பில் பிட்ஸ்பர்க் நகர எல்லைக்குள் 6,76,806 பேர். 2020இல் 3,02,971. பாதிக்கும் கீழே. போர் இல்லை, பூகம்பம் இல்லை. புறநகருக்குப் போனவர்கள் ஒரு பங்கு. உருக்குத் தொழில் போன பிறகு பிழைப்புத் தேடிப் போனவர்கள் இன்னொரு பங்கு. 1983 ஜனவரியில் இந்த வட்டாரத்தில் வேலையின்மை 17 சதவீதத்தைத் தாண்டியது. போனவர்கள் இளவட்டங்கள், தங்கியவர்கள் அவர்களுடைய அப்பா அம்மா. அதனால்தான் இந்த வட்டாரத்தில் வருஷக்கணக்காகப் பிறப்பைவிட இறப்பு அதிகம். உங்கள் தெருவில் எண்பது வயதுப் பாட்டிகள் ஏன் இத்தனை பேர் என்று யோசித்திருப்பீர்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஹூஸ்டனிலும் சார்லட்டிலும் இருக்கிறார்கள். நம் அப்பா அம்மா இங்கே வரும்போது அந்தப் பாட்டிகளோடு அவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொள்வதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

பக்கத்தில் ஹோம்ஸ்டெட் என்கிற சிற்றூருக்குப் போயிருப்பீர்கள். வாட்டர்ஃப்ரன்ட் என்கிற கடைவீதியில் சினிமா பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஷூ வாங்கிவிட்டு வந்திருப்பீர்கள். அங்கே ஒரு பக்கமாக, செங்கல்லில் கட்டிய 12 புகைபோக்கிகள் வரிசையாக நிற்கும். கீழே ஆலை இல்லை. எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு உருக்கு போன ஆலை அது. 1892இல் கார்னெகி கம்பெனியின் கூலிக் காவலர்களைத் தொழிலாளர்கள் துப்பாக்கியோடு எதிர்த்து நின்றது அந்த ஆற்றங்கரையில்தான். 1986இல் மூடினார்கள், 1999இல் கடைவீதி திறந்தார்கள். நமக்கு அது கார் நிறுத்த வசதியான இடம். அங்கே வேலை பார்த்தவருக்கு, தான் உலை முன்னால் நின்ற இடத்தில் இப்போது செருப்புக் கடை. அவர் பெருமூச்சு விடாமல் என்ன செய்வார்?

இனி வெயில் பார்ட்டியையும் வீட்டு விலை பார்ட்டியையும் எடுத்துக்கொள்வோம். அவர்கள் பெரும்பாலும் நாம்தான். நம்மை இங்கே கூட்டிவந்தது உருக்குக்குப் பிறகு வந்த இரண்டாவது பிட்ஸ்பர்க். ஊரிலேயே உயரமான கட்டடம் யு.எஸ். ஸ்டீல் டவர், 64 மாடி. அதன் தலையில் 2008 முதல் ஒளிர்கிற எழுத்து மருத்துவமனைக் குழுமமான யு.பி.எம்.சி.யுடையது. ஊரின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதவில்லை. கார்னெகி மெலன் பல்கலைக்கழகம், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம், ரோபோ கம்பெனிகள், பழைய நபிஸ்கோ பிஸ்கட் ஆலைக்குள் கூகுள் அலுவலகம். சால்க் போலியோ தடுப்பூசியைக் கண்டுபிடித்ததும் இங்கேதான். இந்தப் பிட்ஸ்பர்க்கில் குறை சொல்ல அதிகமில்லை. வானம் மூடியே கிடக்கும், முழுத் தெளிவான நாட்கள் வருஷத்தில் இரண்டு மாதம் தேறினால் அதிகம். நியூ ஜெர்சி மாதிரி தெருவுக்குத் தெரு தோசைக் கடை இல்லை. வேலை போனால் அடுத்த வேலைக்குக் கம்பெனிகள் குறைவு. வீட்டில் இரண்டு பேரும் வேலை தேடினால் இன்னும் குறைவு. இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் வீடு வாங்குகிறவர்கள் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

ஒரு விஷயம், கோபித்துக்கொள்ளக் கூடாது. நம்மில் பல பேர் கிரான்பெரி புறநகரில் உட்கார்ந்துகொண்டு பிட்ஸ்பர்க்குக்குத் தீர்ப்பு எழுதுகிறோம். கிரான்பெரி இந்தக் கவுன்டியே, அதாவது நம்மூர்க் கணக்கில் மாவட்டமே, இல்லை, பட்லர் கவுன்டி! கோயில் விஷயமும் அப்படித்தான். பென் ஹில்ஸ் என்கிற புறநகரில் பெருமாள் கோயில் 1976இல் எழுந்தது. அமெரிக்க மண்ணில் ஆகம முறைப்படி கட்டிய முதல் கோயில்களில் ஒன்று. எங்கெங்கிருந்தோ கார் ஓட்டிவந்து சேவித்துவிட்டு, கீழே புளியோதரை சாப்பிட்டுப் போகிறார்கள். நாமும் போகிறோம். கோயிலைச் சுற்றி இருக்கிற பென் ஹில்ஸ்காரர்களுக்கு ஊர் எப்படி இருக்கிறது என்று நம்மில் யாராவது கேட்டிருக்கிறோமா?

மேடு பள்ளம் என்றேனே, அதற்கு வருகிறேன். இங்கே அது நிஜமாகவே மேடு பள்ளம். அலெகெனியும் மொனாங்கஹேலாவும் கூடி ஒஹாயோ ஆகிற இடத்தில் ஊர். நகருக்குள் 90 பேட்டைகள், கவுன்டியில் 130 தனித்தனி நகராட்சிகள். தெற்கே ஆற்றோடு இருபது கிலோமீட்டருக்கு மேல் போனால் கிளேர்டன். உருக்காலைக்கு வேண்டிய கோக் கரி சுடுகிற ஆலை அங்கே இருக்கிறது. வட அமெரிக்காவிலேயே பெரியது. பகலில் போனால் வெள்ளை நீராவி தெரியும், பெரிதாக ஒன்றும் தோன்றாது. தெளிவான, குளிர்ந்த இரவு கழிந்த விடியலில் போங்கள். பள்ளத்தாக்கில் குளிர்ந்த காற்று தேங்கி நிற்கும், அதன்மேல் சூடான காற்று படுத்திருக்கும். பானைக்கு மூடி போட்ட மாதிரி. ஆலையின் புகை மேலே போக வழியில்லாமல் தெருவில் தங்கும். அழுகிய முட்டை நாற்றம். வெயில் ஏறினால்தான் மூடி திறக்கும். சில நாள் அந்த நாற்றம் நகருக்குள் இருக்கிற ஸ்க்விரல் ஹில் பேட்டை வரை வரும். இதற்காகவே கார்னெகி மெலன்காரர்கள் 'ஸ்மெல் பிஜிஎச்' என்று ஒரு செயலி செய்திருக்கிறார்கள். நாற்றம் வந்ததும் ஜனங்கள் அதில் பதிவு செய்கிறார்கள். உலகத்தில் எத்தனை ஊருக்கு நாற்றத்துக்கென்று தனிச் செயலி இருக்கிறது, சொல்லுங்கள்.

சிரிக்கிறீர்கள். இதே ஆற்றின் மேல்பக்கம் டொனோரா என்ற சிற்றூரில், 1948 அக்டோபரில், இதே மாதிரி மூடிய காற்றில் ஆலைப் புகை அகப்பட்டு ஒரு வாரத்துக்குள் 20 பேர் இறந்தார்கள். அமெரிக்கா காற்று மாசைச் சட்டமாக யோசிக்கத் தொடங்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கிளேர்டனில் 2018 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் தீ விபத்து. கந்தகத்தை வடிகட்டும் அமைப்பு மாதக்கணக்கில் வேலை செய்யவில்லை. 2025 ஆகஸ்ட் 11 அன்று அங்கே வெடிவிபத்து, தொழிலாளர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். அப்படியானால் ஆலையை மூடிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். கிளேர்டன் தெருவில் நின்று அதைச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைக்கு ஆஸ்துமா இன்ஹேலர் வாங்குகிற அதே வீட்டில் சம்பளமும் அந்த ஆலையிலிருந்துதான் வரும். அந்த ஆலையை நடத்துகிற யு.எஸ். ஸ்டீல் கம்பெனியை ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் வாங்க வந்தபோது, தொழிற்சங்கத் தலைமை எதிர்த்தது. இங்கே உள்ள தொழிலாளர்கள் பலரும் சிற்றூர் மேயர்களும் "வரட்டும், முதலீடு செய்யட்டும்" என்றார்கள். 2025 ஜூனில் விற்பனை முடிந்தது. ஹோம்ஸ்டெட் மூடியதைப் பார்த்தவர்களின் முடிவு அது. அதை அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொரு மேடு, ஹில் டிஸ்ட்ரிக்ட். பெயரிலேயே மேடு. டவுன்டவுனை ஒட்டிக் கறுப்பின மக்கள் வாழ்ந்த பேட்டை. ஜாஸ் கிளப்புகள், கடைகள், தேவாலயங்கள். நாடக ஆசிரியர் ஆகஸ்ட் வில்சன் பிறந்த இடம். 1950களின் பிற்பாதியில் நகரத்தை அழகுபடுத்துகிறோம் என்று அதன் கீழ்ப்பகுதியை இடித்து, ஏறக்குறைய 8,000 பேரை வெளியேற்றி, 1961இல் ஒரு விளையாட்டு அரங்கம் திறந்தார்கள். அதன் கூரை திறந்து மூடும், பெரிய அதிசயம். அந்த அரங்கத்தையும் பிறகு இடித்தாயிற்று. அந்த நிலத்தில் பெரும்பகுதி பல பத்தாண்டுகள் கார் நிறுத்துமிடமாகவே கிடந்தது. இன்னொரு பேட்டையான ஈஸ்ட் லிபர்ட்டியில் பென் பிளாசா என்று ஒரு குடியிருப்பு இருந்தது. 2015இல் 200க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ். இப்போது அங்கே ஹோல் ஃபுட்ஸ், நம்மில் சிலர் கீரை வாங்குகிற கடை. 2019இல் நகரத்தின் பாலினச் சமத்துவ ஆணையமே ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. கறுப்பினப் பெண்கள் இந்த ஊரை விட்டு, இதே அளவுள்ள வேறு பெரும்பாலான அமெரிக்க நகரங்களுக்குப் போனாலே அவர்கள் உடல்நலமும் வருமானமும் மேம்படும் என்கிற மாதிரி அதன் முடிவு. வாழத் தகுந்த ஊர் பட்டியலில் முதலிடம் வாங்கிய அதே ஊர்தான் இதுவும். யாராவது உங்களிடம் "இந்த ஊரில் நிறவெறி எல்லாம் இல்லைங்க" என்றால், என் இரண்டு கேள்வியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஜனங்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். பனி கொட்டிய மறுநாள் தெருவில் பாருங்கள். ஒருவர் மணிக்கணக்கில் மண்வெட்டியால் தள்ளி, தன் கார் நிற்க இடம் எடுத்திருப்பார். வேலைக்குப் போகும்போது அந்த இடத்தில் ஒரு பழைய சமையலறை நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவார். சட்டத்தில் அந்த நாற்காலிக்கு எந்த மதிப்பும் கிடையாது. ஆனாலும் யாரும் தொட மாட்டார்கள். நீங்களும் தொடாதீர்கள், உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன். சிக்னல் பச்சையானதும் எதிரே இடதுபக்கம் திரும்ப நிற்கிற முதல் வண்டிக்கு வழிவிடுவதும் அப்படி எழுதாத சட்டம்தான். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். சித்தி, அத்தை, பாட்டி என்று ஆளாளுக்குச் சுட்டுக் கொண்டுவந்த பிஸ்கட்டுகளை ஒரு நீள மேசை நிறைய அடுக்கியிருப்பார்கள், கேக் அதற்குப் பிறகுதான். நம் வீட்டு முறுக்கு, அதிரசத் தட்டுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அங்கே வேற்றிடம் என்றே தோன்றாது.

2022 ஜனவரி 28 அன்று, பைடன் பாலம் சாலை பற்றிப் பேச இங்கே வருகிற நாள் பார்த்து, விடியற்காலையில் ஃபெர்ன் ஹாலோ பாலம் இடிந்து விழுந்தது, ஒரு பஸ்ஸோடு சேர்த்து. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. ஊர் முழுக்க ஒரே பேச்சு. "நம்ம பாலத்துக்கு நேரம் பாக்கத் தெரிஞ்சிருக்கு!" திட்டுவார்கள், ஆனால் வெளியூர்க்காரர் திட்டினால் விட மாட்டார்கள். ஆலை மூடிப் போனவர்களும் அப்படியே. அமெரிக்காவின் எந்தப் பெரிய ஊருக்குப் போனாலும் இந்த ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான ஸ்டீலர்ஸின் ஆட்டத்தை டி.வி.யில் போடுகிற ஒரு பார் இருக்கும், உள்ளே மஞ்சள் துண்டைச் சுழற்றிக்கொண்டு ஒரு கூட்டம் இருக்கும். அதில் பல 1980களில் இங்கிருந்து வேலை தேடிப் போன குடும்பங்கள். விட்டுவிட்டு வந்த ஊருக்காகக் கத்துகிற கூட்டம் என்றால் எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, வீடு பார்க்கிறவர்களுக்கு. நகர எல்லைக்குள் என்றால் சம்பளத்தில் உள்ளூர் வரி 3 சதவீதம், பெரும்பாலான புறநகர்களில் 1. ஏஜென்ட் மதியம்தான் வீடு காட்டுவார்; மதியம் எல்லாப் பள்ளத்தாக்கும் அழகாகத்தான் இருக்கும். அதே தெருவுக்கு ஒரு குளிர்ந்த நாள் காலை ஆறு மணிக்குத் தனியாகப் போய் மூச்சை இழுத்துப் பாருங்கள். அப்படியே எட்டு மணிக்கு, நகருக்குள் போகிற சாலைச் சுரங்கப்பாதை வாசலில் எத்தனை வண்டி நிற்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். பக்கத்து வீட்டுத் திண்ணையில் பாட்டி யாராவது இருந்தால் ஐந்து நிமிஷம் பேசுங்கள், எந்த வருஷத்திலிருந்து இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டு. இப்போது உங்கள் கேள்விகள். பின்வரிசையில் அந்தத் தங்கை ரொம்ப நேரமாகக் கை தூக்கியிருக்கிறார், அவரிடமிருந்து ஆரம்பிப்போம்.