உங்க லைவ் மட்டும் ஏன் சுத்திக்கிட்டே இருக்கு? ப்ராக்ஸியை ஏமாத்தின ஒரு டகால்டி வேலை!

[திரை: கறுப்பு. நடுவில் சுத்துற வட்டம்.]

மொபைல் டேட்டால பார்த்தா லைவ் சூப்பரா ஓடுது. வைஃபைக்கு மாறினா இந்த வட்டம். சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. அனுப்புறவரைத் திட்டாதீங்க மக்களே, அவர் மேல தப்பே இல்ல.

பின்னணியை ஒரே மூச்சுல சொல்லிடறேன். நெட்வொர்க் வாசல்ல நிக்கிற காவலாளிதான் ஃபயர்வால். உள்ளேருந்து நீங்க ஆரம்பிச்ச பேச்சையும் அதுக்கு வர்ற பதிலையும் அது பெரும்பாலும் விட்டுடும். வெளியேருந்து தானா வந்து நிக்கிற பாக்கெட்டை, அதாவது டேட்டா துண்டை, தூக்கிப் போட்டுடும். தியரி முடிஞ்சது.

இப்ப ஆர்டிஎஸ்பி. வீடியோவை ஓட்டு, நிறுத்துன்னு சர்வருக்கு உத்தரவு போடுற நெறிமுறை. 1998-ல தரமா வெளிவந்தது, ஐபி கேமராக்கள் (நெட்வொர்க்ல இணையுற கேமராக்கள்) இன்னிக்கும் இதைத்தான் பேசுது. "ஓட்டு", "நிறுத்து"ங்கிற உத்தரவு 554-ஆம் போர்ட்ல (கதவு எண் மாதிரி) டிசிபி வழியா, அதாவது போய்ச் சேர்ந்துச்சான்னு சரிபார்க்கிற முறையில, போகும். படம் மட்டும் சரிபார்க்காம வேகமா அனுப்புற யூடிபியில, அப்போதைக்குப் பேசி வெச்சுக்கிட்ட வேற போர்ட்ல வரும். அந்தப் பேச்சு ஃபயர்வாலுக்குப் புரியலைன்னா கதை முடிஞ்சது. உத்தரவு போய்ச் சேரும், சர்வரும் "சரி"ன்னு சொல்லும், படம் வாசல்லயே செத்துடும்.

சரி, படத்தையும் உத்தரவு போற அதே குழாய்லயே அனுப்பினா? அனுப்பலாம். ஒவ்வொரு படத்துண்டுக்கும் முன்னாடி ஒரு டாலர் குறி, ஒரு சேனல் நம்பர், ரெண்டு பைட்ல நீளம். டாலரைப் பார்த்தா படம், இல்லைன்னா பேச்சு. எளிமையா, அழகா இருக்கு.

ஆனா 554-யே மூடியிருந்தா? வெப் ப்ராக்ஸி, அதாவது உங்களுக்காக வெளியே போய் வெப் பக்கத்தை வாங்கிட்டு வர்ற இடைத்தரகர், வழியா மட்டும்தான் வெளியே போகணும்னா? இங்கதான் எனக்குப் பிடிச்ச இடம் வருது. இதுக்காகத்தான் இந்த வீடியோவே!

[திரை: ரெண்டு குழாய். ஒண்ணு காது, ஒண்ணு வாய்.]

ப்ராக்ஸிக்குத் தெரிஞ்ச பேச்சு ஹெச்டிடிபி, வெப் பக்கங்களைக் கேட்டு வாங்குற நெறிமுறை. அதுல ஒரு தொல்லை இருக்கு. நீங்க கேப்பீங்க, சர்வர் பதில் சொல்லும். பதில் ஓடிட்டு இருக்கும்போதே நடுவுல நீங்க புகுந்து பேச முடியாது. ஆப்பிளோட வீடியோ மென்பொருளான குயிக்டைமை உருவாக்குன ஆளுங்க என்ன பண்ணாங்க தெரியுமா? ரெண்டு இணைப்பு போட்டாங்க. ஒரு கெட் (தான்னு கேக்குற கோரிக்கை), ஒரு போஸ்ட் (இந்தான்னு அனுப்புற கோரிக்கை). கெட் காது: படம் அது வழியா வந்துக்கிட்டே இருக்கும். போஸ்ட் வாய்: உங்க உத்தரவெல்லாம் அது வழியா போகும். ரெண்டும் ஒரே ஆளோடதுன்னு சர்வருக்குத் தெரிய, ரெண்டுலயும் ஒரே குக்கீ எண்.

இன்னும் இருக்கு. ஆர்டிஎஸ்பி உத்தரவு பார்க்க அச்சு அசலா ஹெச்டிடிபி மாதிரியே இருக்கும். நடுவுல இருக்கிற ப்ராக்ஸி அதைப் படிச்சுட்டு "என்னடா இது, உடைஞ்ச கோரிக்கை"ன்னு குழம்பிடக் கூடாதே! அதனால வாய்ப் பக்கத்தை மட்டும் பேஸ்64-ல, அதாவது பைட்டை வெறும் எழுத்துக் கோர்வையாக்குற முறையில, மாத்தி அனுப்பினாங்க. மூணு பைட் நாலு எழுத்தா வீங்கும். வீங்கட்டும், உத்தரவு குட்டிதானே? படம் வர்ற பக்கம் அப்படியே பச்சையா வரும்.

போஸ்ட்ல நீளம் எவ்வளவுன்னு முன்கூட்டியே சொல்லணும். லைவுக்கு ஏது நீளம்? கூசாம 32767-ன்னு எழுதிட்டாங்க! சும்மா ஒரு நம்பர். பொய்தான், ஆனா மரியாதையான பொய். அது தீர்ந்தா இன்னொரு போஸ்ட் திறந்துக்கலாம். இந்த ஒரு வரிக்காகவே அந்த இன்ஜினியருக்குக் கை குடுக்கணும். நீங்களும் ஒரு லைக் குடுங்க.

இவ்வளவு பண்ணியும் சில இடத்துல வட்டம் சுத்தும். ஏன்னா சில ப்ராக்ஸி, ஃபைல் முழுசா வந்ததும் வைரஸ் இருக்கான்னு பார்த்துட்டுதான் உங்ககிட்ட குடுக்கும். லைவ் எப்ப முழுசா வர்றது? அதுவும் காத்திருக்கு, நீங்களும் காத்திருக்கீங்க. இதுக்கு மருந்து கனெக்ட் முறை: 443-க்கு (பாதுகாப்பான வெப்போட போர்ட்) வழி கேட்டு, ப்ராக்ஸி 200-ன்னு, அதாவது "சரி"ன்னு, சொன்னதும் உள்ளே மறையாக்கம் பண்ணி அனுப்புறது. ப்ராக்ஸி அந்த மறையாக்கத்தைப் பிரிச்சுப் பார்க்கிற ரகமா இல்லாத வரைக்கும், பைட்டை வாங்கி அந்தப் பக்கம் தள்ளுறதோட அதோட வேலை முடிஞ்சது. ஆபீஸ் நெட்வொர்க்கா? முதல்ல அட்மின்கிட்ட கேளுங்க, அப்புறம் என் பேரைச் சொல்லாதீங்க.

கேமராவே ஃபயர்வாலுக்கு உள்ளே இருந்தா, உள்ளேருந்து ஒரு கம்ப்யூட்டர் வெளியே இருக்கிற ரிலே சர்வருக்கு (படத்தை வாங்கிப் பார்க்கிறவங்களுக்கெல்லாம் பிரிச்சுக் குடுக்கிற சர்வர்) தள்ளணும். 4 எம்பிபிஎஸ் ஒரே ஒரு தடவை வெளியே போகும். 100 பேர் பார்த்தா 400 எம்பிபிஎஸ் ரிலேயோட தலைவலி, உங்களோடது இல்ல. தயவுசெஞ்சு நடுவுல மறுபடி என்கோட் பண்ணாதீங்க (படத்தைப் பிரிச்சு மறுபடி சுருக்காதீங்க), அப்படியே காப்பி பண்ணித் தள்ளுங்க. சிபியு பாவம்.

படம் வருது, ஆனா சரியா ஒரு நிமிஷத்துல கட் ஆகுதா? நானும் இதுல ஒரு ராத்திரி முழுக்க உக்கார்ந்திருக்கேன். காது வழியா படம் கொட்டுது, வாய் சும்மா இருக்கு. ஆர்டிஎஸ்பியில செஷன் காலாவதி, வேற சொல்லலைன்னா 60 செகண்ட். நடுநடுவுல "நான் இருக்கேன்"னு ஒரு உத்தரவு அனுப்பலைன்னா, ஆள் போயிட்டாருன்னு சர்வர் மூடிடும். என் ஸ்கிரிப்ட்ல அந்த ஒரு வரி இல்ல. உங்களுக்கு எத்தனையாவது செகண்ட்ல கட் ஆகுதுன்னு கமெண்ட்ல போடுங்க, 60-ன்னா பிளேயர் செட்டிங்கைப் பாருங்க. வேற நம்பர்னா நடுவுல இருக்கிற ப்ராக்ஸியோட டைம்அவுட்டா இருக்கலாம், அங்கேருந்து தேடுங்க.