பார்வதிபுரமா, பாறசாலையா?

நேயர்களுக்கு வணக்கம். வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். கடன் கேட்டு இப்போது யாரும் என்னிடம் வருவதில்லை, யோசனை கேட்டு வருகிறார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே அச்சு. கணவருக்குத் திருவனந்தபுரம் கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை. மனைவிக்கு நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ வேலை. மடியில் மூன்று வயதுப் பிள்ளை. "மேடம், நல்ல ஸ்கூல் பக்கத்துல ஒரு வீடு வாங்கணும். பார்வதிபுரம் பக்கம் பாக்கட்டுமா, பாறசாலை பக்கம் பாக்கட்டுமா?"

பார்வதிபுரம் நாகர்கோவிலில், பாறசாலை எல்லைக்கு அப்பால் கேரளத்தில். வீட்டை அப்புறம் பாருங்கள், பிள்ளை எந்த மாநிலத்தில் படிக்கப் போகிறது என்பதை முதலில் முடிவு பண்ணுங்கள் என்பேன். களியக்காவிளையில் எல்லை தாண்டுவது நமக்கு ஒரு பெரிய காரியமே இல்லை. அங்கே சம்பந்தம் பண்ணுகிறோம், சந்தைக்குப் போகிறோம். ஆனால் கல்லூரிச் சேர்க்கைக்கு அந்த எல்லை ரொம்பப் பெரியது. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கு எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை இங்கேயே படித்திருந்தால் நேட்டிவிட்டி சர்டிபிகேட் கேட்க மாட்டார்கள். வெளியே படித்த பிள்ளைக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும், அதற்குத் தாலுகா ஆபீஸ் நடக்க வேண்டும். மருத்துவப் படிப்புக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். பாறசாலையில் வீடு வாங்கிவிட்டு, பிள்ளையை பஸ்ஸில் இந்தப் பக்கம் அனுப்பலாம் என்றால் அனுப்பலாம். ஆனால் பள்ளிக்கூடத்துக்காகத்தானே வீடு மாறுகிறீர்கள்?

அந்த "நல்ல ஸ்கூல்" எது என்று கேட்டால் பெரும்பாலும் சி.பி.எஸ்.இ. என்ற பெயரும் மஞ்சள் வேனும்தான் பதிலாக வருகிறது. எல்.கே.ஜி. பிள்ளை காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் வேனில் தூங்கி வழிகிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். அது வேனில் வந்த எழுத்தறிவு இல்லை. ரிங்கல்தௌபே பாதிரியார் 1806இல் மயிலாடிக்கு வந்த காலம் தொட்டு ஊர் ஊராக எழுந்த மிஷன் பள்ளிகளும், பிறகு வந்த அரசுப் பள்ளிகளும், நடந்து போன பிள்ளைகளும் கொண்டுவந்தது. அந்த அரசு உதவி பெறும் பள்ளிகளில் பல இன்றும் உங்கள் புது வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். வாசலில் மாட்டியிருக்கும் மார்க் போர்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கணக்குக்கும் அறிவியலுக்கும் நிரந்தர வாத்தியார் இருக்கிறாரா என்று அங்கே படிக்கிற பிள்ளையின் அம்மாவிடம் கேளுங்கள். புரோக்கர் "ஸ்கூல் பத்து நிமிஷம்" என்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பத்து நிமிஷம்தான். திங்கள் காலை எட்டரைக்குப் பார்வதிபுரம் மேம்பாலத்தைத் தாண்டி வடசேரி வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இனிப் பணம். 40 லட்ச ரூபாய் வீடு என்று வையுங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை போகும் கடனுக்கு, ரிசர்வ் வங்கி விதிப்படி, மதிப்பில் 80 சதவீதம்தான் தர முடியும். அதாவது 32 லட்சம். மீதி 8 லட்சம் உங்கள் கையிலிருந்து. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். முழு விலைக்கும் பதிந்தால் 3 லட்சத்து 60 ஆயிரம். அதற்கும் வங்கி கடன் தராது. கேரளத்தில் 8ம் 2ம் சேர்ந்து 10 சதவீதம். ஆக, தமிழ்நாட்டுப் பக்கம் வாங்கினாலே பால் காய்ச்சும் முன்பு 11 லட்சத்து 60 ஆயிரம் வேண்டும். எட்டரை சதவீத வட்டியில் 20 வருஷத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 27,800 ரூபாய். கடன் முடியும்போது மடியில் இருந்த பிள்ளைக்கு 23 வயது. பள்ளிக்கூடத்தை விட்டுப் போய் வருஷம் பல ஆகியிருக்கும். வீடும் தவணையும் உங்களோடு இருக்கும். அதனால்தான் பள்ளிக்குக் கொடுக்கிற கவனத்தில் பாதியாவது வஸ்துவுக்கு, அதாவது வாங்குகிற இடத்துக்குக் கொடுங்கள் என்கிறேன்.

நாஞ்சில் நாட்டில் வயலைத் தூர்த்துத்தான் மனை போடுகிறார்கள். 2021 நவம்பர் மழையில் எங்கெல்லாம் தண்ணீர் ஏறியது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள். புரோக்கரிடம் கேட்டுப் பிரயோசனம் இல்லை. மனைக்கு டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்புத் துறை அப்ரூவல் உண்டா என்று பாருங்கள். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவு 2016 அக்டோபர் 20க்குப் பிறகு போட்டதென்றால் வரன்முறைத் திட்டத்திலும் அதற்கு இடமில்லை. எல்லைக்கு அப்பால் வாங்குவதென்றால் வரி ரசீதை முதலில் வாங்கிப் பாருங்கள். அதில் "நிலம்" என்று போட்டிருந்தால் அது நெல்வயல். 2008ஆம் வருஷச் சட்டப்படி அதில் நினைத்தபடி வீடு கட்ட முடியாது. "புரையிடம்", அதாவது வீடு கட்டத் தக்க கரை நிலம் என்று இருக்க வேண்டும்.

விளவங்கோடு, கல்குளம் பக்கம் இன்னொரு வேடிக்கை. இந்தப் பக்கம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956க்கு முந்தைய மூல ஆதாரங்கள், அதாவது பழைய பத்திரங்கள் பலவும் மலையாளத்தில் இருக்கும், தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். 1120 என்று பார்த்துவிட்டு ராஜராஜ சோழன் காலத்துப் பத்திரமோ என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். 825ஐக் கூட்டுங்கள், 1945 வரும். தேதியைக் கூட்டிப் பார்த்துவிடலாம். உள்ளே இருக்கிற வழி உரிமை, ஒத்தி, பாகம் எல்லாம் மலையாளம் வாசிக்கத் தெரிந்த வக்கீல் ஒருவர் படித்துச் சொல்ல வேண்டும். முக்கியமாக வழி. நம் ஊரில் விளைக்கு, அதாவது தோப்புக்கு நடுவே ஆள் நடக்கிற பாதையை நம்பி வீடு நிற்கும். கார் போகாது, நாளைக்கு ஆம்புலன்ஸும் போகாது.

இன்னும் ஒன்று, பெண்பிள்ளைகளுக்கு. அந்த 11 லட்சத்தில் பெரும்பகுதி உங்கள் நகையை அடகு வைத்த பணம் என்பது எனக்குத் தெரியும். நகை போகிற அன்றைக்கு உங்களைக் கையோடு கூட்டிப் போவார்கள், பத்திரம் பதிகிற அன்றைக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். கடனில் உங்கள் கையெழுத்தும் இருக்கும், பத்திரத்தில் அவர் பெயர் மட்டும் இருக்கும். கூட்டாகப் பதிந்தால் கூடுதல் செலவு கிடையாது. பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்குக் கடன் வட்டியில் ஆளுக்கு 2 லட்சம் வரை கழிவும் கிடைக்கும். பதிவுக்கு முந்தின நாளே பத்திர நகலை வாங்கி, வாங்குபவர் என்ற இடத்தில் எத்தனை பெயர் இருக்கிறது என்று பாருங்கள். வணக்கம்.